ஒரு கிலோ ஹைட்ரஜன் என்ன விலை? எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்போம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் எக்ஸெல் படும் பாடு ஒன்றுதான். ஒரு நாள் திறந்து பார்ப்பார்கள். கட்டம் கட்டமாக ஏதோ தெரியும். பால் கணக்கு, மளிகைக் கணக்கு என்று நாலு வரி அடிப்பார்கள். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதுமே என்று மூடிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். நோட்டில் போட்டால் அலுத்துப்போகும் ஒரு கணக்கைப் போட்டால்தான் எக்ஸெல்லின் அருமை தெரியும். அதாவது, ஒரு எண்ணை மாற்றினால் மற்ற எண்கள் எல்லாம் தானாக மாற வேண்டிய கணக்கு.

இந்த முறை அப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க எவ்வளவு செலவாகும்? அதற்காக எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் கலக்கும்? கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். கெமிஸ்ட்ரி மறந்திருந்தாலும் பரவாயில்லை.

ஏன் ஹைட்ரஜன் என்று கேட்பீர்கள். நான் கும்மிடிப்பூண்டிக்காரன். படித்தது இன்ஜினியரிங், பார்ப்பது சாப்ட்வேர் வேலை. எங்கள் சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் நிறைய. அங்கே ஷிப்ட் பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் கேட்டார்: “தம்பி, ஹைட்ரஜன் வந்தா புகையே இருக்காதாமே, நிஜமா?” ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இரண்டுமே சரி. எது எப்போது சரி என்று காட்டுவதற்காகத்தான் இந்த ஒர்க்‌ஷீட்டைத் தயாரித்தேன்.

முதலில் ஒரு விஷயம். ஹைட்ரஜன் எங்கள் பக்கத்துக்குப் புதிய சரக்கு அல்ல. 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து, பிறகு சென்னை மாவட்டத்துக்குப் போன மணலியில் அதைப் பல வருடங்களாகப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், டீசலிலிருந்து கந்தகத்தைப் பிரிக்க ஹைட்ரஜன் வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.-6 எரிபொருள் வந்தபோது, கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. உங்கள் வண்டியில் போடும் பெட்ரோலுக்குள் ஹைட்ரஜனின் உழைப்பு இருக்கிறது. அதே மணலியில் உள்ள மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலையில் ஹைட்ரஜனை நைட்ரஜனோடு சேர்த்து அமோனியாவாக்கி, அதிலிருந்து யூரியா செய்கிறார்கள். அந்த ஆலை நாப்தாவை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது 2019-ல். அதே வருடம்தான் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கும் நிலையம் தொடங்கியது.

ஹைட்ரஜனை எடுக்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்துச் சூடாக்குவது. எரிவாயுவில் உள்ள ஹைட்ரஜன் பிரிந்து வரும். கூடவே இருந்த கார்பன், கார்பன் டை ஆக்ஸைடாகப் புகைபோக்கி வழியாகப் போகும். மற்றொன்று, தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிரிப்பது. பள்ளியில் பேட்டரியும் இரண்டு பென்சில் முனையும் வைத்துக் குமிழி வரவழைத்தது நினைவிருக்கும். அதையே ஆலை அளவில் செய்யும் இயந்திரத்துக்கு எலெக்ட்ரோலைசர் என்று பெயர். இந்த இயந்திரத்திலிருந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும்தான் வரும், புகை கிடையாது. ஆனால் அதற்குக் கொடுக்கும் மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

சரி, கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்.

ஒர்க்‌ஷீட் தயாரித்தல்

எக்ஸெல் இருந்தால் எக்ஸெல்லைத் திறக்கவும். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பை இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் கால்க் என்ற புரோகிராம் இதே வேலையைச் செய்யும். திறந்ததும் தெரியும் ஒவ்வொரு கட்டத்துக்கும் செல் என்று பெயர். மேலே ஏ, பி, சி, டி என்று எழுத்துகளும் இடது ஓரத்தில் 1, 2, 3 என்று எண்களும் இருக்கும். பி என்ற நெடுவரிசையும் 2 என்ற வரிசையும் சந்திக்கும் கட்டம் பி2. தமிழில் அச்சிட வேண்டியிருப்பதால் பி2 என்று போட்டிருக்கிறேன். கீபோர்டில் அந்த எழுத்தை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதல் வரிசையில் தலைப்புகள். பி1-ல் “கிரிட்”, சி1-ல் “சோலார் மட்டும்”, டி1-ல் “சோலார் + காற்று” என்று டைப் செய்யுங்கள். கிரிட் என்பது எல்லா மின்நிலையங்களும் சேர்ந்து மின்சாரத்தைக் கொட்டும் பொதுக் கம்பி. உங்கள் வீட்டு மின்சாரம் அதிலிருந்துதான் வருகிறது. பிறகு ஏ நெடுவரிசையில் விவரங்களையும் எதிரே எண்களையும் இப்படி அடிக்கவும்:

ஏ2: ஒரு கிலோவுக்கு மின்சாரம், யூனிட் — 52, 52, 52
ஏ3: ஒரு யூனிட் விலை, ரூபாய் — 8, 3, 4.5
ஏ4: ஒரு யூனிட்டுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு, கிலோ — 0.72, 0, 0
ஏ5: வருடத்தில் இயந்திரம் ஓடும் மணி நேரம் — 7900, 1900, 5200
ஏ6: ஒரு கிலோவாட் இயந்திரத்துக்கு முதலீடு, ரூபாய் — 100000, 100000, 100000
ஏ7: வட்டி, தேய்மானம், பராமரிப்பு, வருடத்துக்கு — 15%, 15%, 15%

இந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரியாமல் மேலே போகக் கூடாது. கம்ப்யூட்டர் குப்பையைக் கொடுத்தால் குப்பையைத்தான் திருப்பித் தரும், அதுவும் நேர்த்தியாக இரண்டு டெசிமலோடு.

52 என்பது இயந்திரத்தின் பசி. ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் 39 யூனிட்டுக்கு மேல் வேண்டும் என்பது இயற்கை விதி. உண்மையான ஆலைகளில் 50 முதல் 55 வரை ஆகிறது. உங்கள் வீட்டு ஈ.பி. பில்லில் உள்ள அதே யூனிட்தான் இது. 0.72 என்பது நம் நாட்டு கிரிட்டின் சராசரி. மத்திய மின்சார ஆணையம் வருடா வருடம் வெளியிடும் கணக்கில் இது சில வருடங்களாக 0.7 கிலோவுக்குச் சற்று மேலேயே இருக்கிறது. மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் அத்திப்பட்டு வந்ததும் இடது பக்க ஜன்னலில் பார்த்தால் இந்த 0.72-ஐ நேரிலேயே பார்க்கலாம். வட சென்னை அனல் மின்நிலையமும் 1,500 மெகாவாட் வள்ளூர் அனல் மின்நிலையமும் அங்கேதான் இருக்கின்றன.

வருடத்துக்கு 8,760 மணி நேரம். கிரிட்டில் இணைத்தால் பராமரிப்பு நேரம் போக 7,900 மணி ஓட்டலாம். சோலாரை மட்டும் நம்பினால் இரவெல்லாம் இயந்திரம் சும்மா கிடக்கும். தமிழ்நாட்டில் ஆடி மாதத்தை ஒட்டி காற்றாலைகள் நன்றாகச் சுற்றுவதால், இரண்டையும் சேர்த்தால் நேரம் கூடும். விலைகளும் முதலீடும் என் அனுமானங்கள். ஆலைக்கு ஆலை, வருடத்துக்கு வருடம் இவை மாறும். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் தனி செல் கொடுத்திருக்கிறேன்.

இப்போது ஃபார்முலா. எக்ஸெல்லில் ஒரு செல்லின் முதல் எழுத்து சமக் குறியாக இருந்தால், அடுத்து வருவது கணக்கு என்று அது புரிந்துகொள்ளும். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, வகுத்தலுக்குச் சாய்கோடு. பி நெடுவரிசையில் கீழே உள்ளபடி அடித்து, ஒவ்வொன்றுக்கும் என்டர் கீயைத் தட்டுங்கள். பெயர்களை ஏ நெடுவரிசையில் எழுதிவிடவும்.

பி8, மின்சாரச் செலவு: =பி2*பி3
பி9, ஒரு கிலோவாட் இயந்திரம் வருடத்தில் தரும் ஹைட்ரஜன், கிலோ: =பி5/பி2
பி10, இயந்திரச் செலவு: =பி6*பி7/பி9
பி11, மொத்தச் செலவு: =பி8+பி10
பி12, கார்பன் டை ஆக்ஸைடு: =பி2*பி4

சி, டி நெடுவரிசைகளுக்கு மறுபடி அடிக்க வேண்டாம். பி8-லிருந்து பி12 வரை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்யுங்கள். தேர்வின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதன் மேல் மவுஸை வைத்தால் பாயிண்டர் கூட்டல் குறியாக மாறும். அப்படியே அழுத்திப் பிடித்து டி நெடுவரிசை வரை இழுத்து விடுங்கள். சி8-ல் கிளிக் செய்து பாருங்கள். பி2 இருந்த இடத்தில் சி2 வந்திருக்கும். இந்த ஒரு வித்தைக்காகவே எக்ஸெல்லுக்குக் கொடுத்த காசு தகும் என்பேன்.

விடை என்ன சொல்கிறது?

உங்கள் திரையில் 11-வது வரிசையில் 514.73, 566.53, 384 என்று வந்திருக்க வேண்டும். இவை ஒரு கிலோவுக்கு ரூபாய். 12-வது வரிசையில் 37.44, 0, 0. இவை கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. வேறு எண் வந்தால் எங்கோ ஒரு செல்லைத் தவறாக அடித்திருக்கிறீர்கள்.

பி12-ஐ இன்னொரு முறை பாருங்கள். கிரிட் மின்சாரத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் செய்தால் 37 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு. இது அதிகமா குறைவா என்று சொல்ல, எரிவாயு வழியையும் போட வேண்டும். ஐந்தாறு வரிசை தள்ளி, பி நெடுவரிசையில்:

பி18, எரிவாயு, மெகாஜூல்: 170
பி19, ஒரு மெகாஜூல் விலை, ரூபாய்: 1
பி20, ஆலைச் செலவு, ரூபாய்: 40
பி21, மொத்தச் செலவு: =பி18*பி19+பி20
பி22, கார்பன் டை ஆக்ஸைடு: =பி18*0.056

விடை 210 ரூபாய், 9.52 கிலோ. எரிவாயுவில் ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு 56 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு என்பது எங்கும் ஒன்றுதான். ரூபாய்க் கணக்கு மட்டும் கப்பலில் வரும் எரிவாயுவின் சர்வதேச விலையோடு ஏறி இறங்கும்.

ஆக, தண்ணீரிலிருந்து எடுத்த ‘சுத்தமான’ ஹைட்ரஜன், நிலக்கரி நிறைந்த கிரிட்டில் ஓடினால், பழைய எரிவாயு முறையைப் போல நான்கு மடங்கு கார்பனை வெளியேற்றுகிறது. விலையும் இரண்டரை மடங்கு. அண்ணன் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இது. புகை சிப்காட்டில் தெரியாது, அத்திப்பட்டில் தெரியும்.

ஹைட்ரஜனுக்குச் சாம்பல், நீலம், பச்சை என்று நிறம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வாயுவுக்கு நிறம் ஏதும் கிடையாது. அது தயாரித்த விதத்துக்கு வைத்த பட்டப்பெயர். 2023 ஆகஸ்ட்டில் மத்திய அரசு இதற்கு ஒரு எண்ணை வரையறுத்தது. தண்ணீரைச் சுத்தம் செய்வது முதல் பிரிப்பது, உலர்த்துவது, அழுத்துவது வரை எல்லாம் சேர்த்து, 12 மாத சராசரியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேல் போகாவிட்டால்தான் அது பச்சை. ஐரோப்பாவில் குறைந்த கார்பன் என்று சொல்ல ஏறக்குறைய 3.4 கிலோ வரை இடம் உண்டு. அமெரிக்காவின் 2022-ம் வருடச் சட்டத்தில் 4 கிலோ. ஒரே ஹைட்ரஜன் ஒரு நாட்டில் தேர்ச்சி, இன்னொரு நாட்டில் தோல்வி என்பதும் நடக்கும்.

நீலம் என்பது எரிவாயு முறையிலேயே புகையைப் பிடித்து பூமிக்குள் புதைப்பது. இதற்கு நாலு செல் போதும். பி23-ல் பிடிக்கும் பங்கு, 90%. பி24-ல் எரிவாயு வழியில் கசியும் பங்கு, 1.5% என்று வைப்போம். எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். நூறு வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்ஸைடைப் போல 30 மடங்கு சூடேற்றும். ஒரு கிலோ மீத்தேனில் 50 மெகாஜூல். எனவே பி25-ல் =பி18/50*பி24*30 என்றும், பி26-ல் =பி22*(1-பி23)+பி25 என்றும் போடுங்கள். பி26-ல் 2.48 வரும். ஆலையில் தொண்ணூறு சதவீதம் பிடித்தும் நம் நாட்டின் 2 கிலோ கோட்டைத் தாண்டுகிறது. இதில் கசிவு மட்டும் 1.53. இருபது வருடக் கணக்கு வேண்டுமென்றால் 30-ஐ 82 ஆக்குங்கள். 5.13 வரும். கப்பலில் கொண்டுவர எரிவாயுவைக் குளிர வைத்துத் திரவமாக்கும் செலவை நான் சேர்க்கவே இல்லை. நீலத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு என்பதை மறைக்கவில்லை.

கோல் சீக்: விடையிலிருந்து கேள்விக்கு

இதுவரை எண்ணைக் கொடுத்து விடை வாங்கினோம். விடையைச் சொல்லி எண்ணைக் கேட்கவும் எக்ஸெல்லில் வழி உண்டு.

சோலாரும் காற்றும் நம்பி இருக்கும் ஆலைக்கு இரண்டுமே இல்லாத நேரத்தில் கொஞ்சம் கிரிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளத் தோன்றும். எவ்வளவு எடுத்தால் 2 கிலோவைத் தாண்டாது? ஏ13-ல் “கிரிட் பங்கு” என்று எழுதி, டி13-ல் 10% என்று அடியுங்கள். டி4-ல் இருந்த பூஜ்யத்தை அழித்துவிட்டு =பி4*டி13 என்று போடுங்கள். டி12 உடனே 3.74 ஆகும். இனி டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ் என்பதைக் கிளிக் செய்து, அதில் கோல் சீக் என்பதைத் தேர்வு செய்யவும். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ் மெனுவில் நேரடியாகவே கோல் சீக் இருக்கும். வரும் டயலாக் பாக்ஸில் முதல் கட்டத்தில் டி12, இரண்டாவதில் 2, மூன்றாவதில் டி13 என்று கொடுத்து ஓகே தட்டுங்கள்.

டி13-ல் ஏறக்குறைய 5.3% என்று வரும். செல் முழு எண்ணாக 5% என்று காட்டினால் டெசிமலைக் கூட்டும் பட்டனை ஒருமுறை தட்டவும். நூறு யூனிட்டில் ஐந்து யூனிட் கிரிட்டிலிருந்து எடுக்கலாம். ஆறு எடுத்தால் பச்சை போய்விடும்.

இந்த ஒரு செல்லில்தான் வம்பு எல்லாம் இருக்கிறது. 2022 பிப்ரவரி 17-ல் வந்த பச்சை ஹைட்ரஜன் கொள்கை, தயாரிப்பாளர்கள் உபரியாக உள்ள சூரிய, காற்று மின்சாரத்தை 30 நாள் வரை மின் விநியோக நிறுவனத்திடம் வரவு வைத்து எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. பகல் பன்னிரண்டு மணிக்குப் போட்ட யூனிட்டை இரவு பத்து மணிக்கு எடுக்கலாம். காகிதத்தில் அது பச்சை யூனிட். ஆனால் இரவு பத்து மணிக்கு வேலை செய்துகொண்டிருப்பது வள்ளூர் பாய்லர். மாதக் கணக்கில் பார்த்தால் டி13 பூஜ்யம், மணிக் கணக்கில் பார்த்தால் ஐம்பது சதவீதம் கூட ஆகலாம். ஆலைக்காரருக்கு இது வசதி. இயந்திரம் அதிக நேரம் ஓடும், 10-வது வரிசை குறையும். 2025 ஏப்ரலில் சான்றிதழ் முறை ஒன்றும் அறிவிக்கப்பட்டது. சான்றிதழைப் படிக்கும்போது, யூனிட்களை மாதத்துக்குப் பொருத்தினார்களா மணிக்குப் பொருத்தினார்களா என்று தேடிப் பாருங்கள்.

அடுத்து காசு. முதலில் டி13-ல் 0 போட்டுவிடுங்கள். டி11 எரிவாயு விலையான 210 ரூபாய்க்கு இறங்க மின்சாரம் என்ன விலைக்குக் கிடைக்க வேண்டும்? கோல் சீக்கில் டி11, 210, டி3. விடை 1.15 ரூபாய். 2020 டிசம்பரில் குஜராத்தில் நடந்த சோலார் ஏலத்தில் 1.99 ரூபாய் வந்ததே பெரிய செய்தியாக இருந்தது. அதுவும் பகல் மின்சாரம். ஆகவே மின்சார விலை மட்டும் இறங்கினால் போதாது. டி6-ல் 50000 போட்டுவிட்டு மறுபடி கோல் சீக் செய்தால் 2.60 வருகிறது. இது எட்டிப் பிடிக்கக்கூடிய எண் மாதிரி தெரிகிறது. பரிசோதனை முடிந்ததும் டி3-ல் 4.5, டி6-ல் 100000 என்று பழையபடி மாற்றிவிடவும்.

காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொல்லும் நேரங்களில் வீணாகும் மின்சாரத்தை இலவசமாகக் கொடுத்தால் என்ன என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல யோசனைதான். சி3-ல் 0, சி5-ல் 800 என்று போட்டுப் பாருங்கள். மின்சாரம் இலவசம், ஆனால் ஒரு கிலோ 975 ரூபாய்! ஒரு லட்சம் ரூபாய் இயந்திரம் வருடத்தில் முக்கால்வாசிக்கு மேல் தூங்குகிறது. வட்டி தூங்காது.

என் அனுமானங்கள் உலகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு உரைகல் கிடைத்தது. 2025-ல் சோலார் எனர்ஜி கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நடத்திய பச்சை அமோனியா ஏலத்தில், ஒடிசாவின் பாரதீப் உர ஆலைக்கு ஒரு கிலோ 55.75 ரூபாய் என்று விலை வந்தது. 17 கிலோ அமோனியாவில் 3 கிலோ ஹைட்ரஜன். ஒரு காலி செல்லில் =55.75*17/3 என்று அடியுங்கள். 315.92. அமோனியாவாக மாற்றும் செலவும் இதற்குள்ளேயே அடக்கம். முதல் மூன்று வருடங்களுக்கு அரசின் ஊக்கத்தொகை தனியாக உண்டு. என் 384 சற்று அதிகம் என்று தெரிகிறது. மின்சாரமோ இயந்திரமோ அவர்களுக்கு என் அனுமானத்தைவிட மலிவாகக் கிடைக்கிறது. டி3, டி6 இரண்டையும் மாற்றி 316-ஐ எத்தனை விதமாக வரவழைக்கலாம் என்று முயன்று பாருங்கள், நல்ல பயிற்சி. எங்கள் பக்கத்துக்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பச்சை அமோனியாவுக்கும் அதே நெடிதான். அதற்கு இந்த ஒர்க்‌ஷீட்டில் செல் இல்லை.

யூரியா மூட்டைக்கு வருவோம். 60 கிலோ யூரியாவுக்கு 6 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். 45 கிலோ மூட்டைக்கு 4.5 கிலோ. எரிவாயு ஹைட்ரஜன் என்றால் ஒரு மூட்டையில் 945 ரூபாய், பச்சை என்றால் 1,728 ரூபாய், ஹைட்ரஜனுக்கு மட்டும். திருவள்ளூர் பக்கத்து நெல் விவசாயி அந்த மூட்டைக்குக் கொடுப்பது 266 ரூபாய் 50 பைசா. மீதியை மானியமாக மத்திய அரசு தாங்குகிறது. கிலோவுக்கு 174 ரூபாய் வித்தியாசம் என்று நாம் திரையில் பார்ப்பது, யாரோ ஒருவர் பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டிய பணம். யூரியாவில் இன்னொரு சிக்கல், அதைச் செய்ய கார்பன் டை ஆக்ஸைடும் தேவை. எரிவாயு முறையில் அது கூடவே கிடைக்கிறது. தண்ணீர் முறையில் வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

தண்ணீர் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனாக மாறுவது 9 லிட்டர். சுத்திகரிப்பில் கழிவது, குளிர்விப்பது எல்லாம் சேர்த்து 20 லிட்டர் என்றே வையுங்கள். 2010-ல் திறக்கப்பட்ட காட்டுப்பள்ளி ஆலை போலக் கடல்நீரைக் குடிநீராக்கினால் ஆயிரம் லிட்டருக்கு நாலு யூனிட் ஆகும். இருபது லிட்டருக்கு 0.08 யூனிட். 52-க்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை. கடல்நீர் என்றால்தான் இந்தக் கணக்கு. மீஞ்சூர் பக்கம் 1960-களிலிருந்தே நிலத்தடி நீரில் உப்பு ஏறி வருகிறது. அங்கே போர் போட்டு ஹைட்ரஜன் செய்ய யாராவது கிளம்பினால் எக்ஸெல்லை மூடிவிட்டு ஊர்க்கூட்டம் போட வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு செல். பி28-ல் =டி2*பி4 என்று அடியுங்கள். மறுபடியும் 37.44. இது வேறு கேள்விக்கான விடை. கையில் 52 பச்சை யூனிட் இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு கிலோ ஹைட்ரஜன் செய்து மணலியில் எரிவாயு ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கொடுத்தால் 9.52 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு மிச்சம், கசிவையும் சேர்த்தால் 11. அதே 52 யூனிட்டைக் கிரிட்டில் விட்டு அவ்வளவு கிரிட் மின்சாரத்தைக் குறைத்தால் 37 கிலோ மிச்சம். குறைவது நிலக்கரி மின்சாரம் மட்டும் என்றால் இன்னும் அதிகம். பி22-ஐயும் பி28-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது.

2023 ஜனவரி 4-ல் 19,744 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற தேசிய பச்சை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு, 2030-க்குள் வருடத்துக்கு 50 லட்சம் டன். 52-ஆல் பெருக்கினால் 26,000 கோடி யூனிட். வள்ளூர் அளவுள்ள இருபது நிலையங்கள் வருடம் முழுக்க முழு வேகத்தில் ஓடினால் வரும் மின்சாரம். அவ்வளவையும் புதிதாகக் காற்றிலும் வெயிலிலும் தயாரித்துத் தர வேண்டும், பழைய பச்சை யூனிட்டைக் கிரிட்டிலிருந்து உருவி எடுத்தால் அந்த ஓட்டையை நிலக்கரி நிரப்பும்.

அதற்காக ஹைட்ரஜனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உர ஆலைக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் ஹைட்ரஜன்தான் வேண்டும், வெறும் மின்சாரத்தைக் கொடுத்து அங்கே சமாளிக்க முடியாது. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்க நிலக்கரிக்குப் பதில் நிற்கக்கூடியதும் அதுதான். எங்கள் சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் உலைகளுக்கு அது தேவையில்லை. அவை ஏற்கனவே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன, அந்த மின்சாரத்தை மாற்றினால் போதும். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப நம்ம மில்லுக்கு காத்தாடிதான் வேணும்னு சொல்லு” என்றார். ஒர்க்‌ஷீட் இல்லாமலே விடைக்கு வந்துவிட்டார்.

மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, அதை மறுபடி மின்சாரமாக்கி விளக்கு எரிப்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. 2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் தொடங்கிய சிறிய ஆலையின் ஹைட்ரஜன், துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன சார்ஜிங்குக்கும் போகிறது. இயந்திரத்தை இயக்கிப் பழகுவதற்கான சோதனை என்ற அளவில் சரி. ஒரு கிலோ ஹைட்ரஜனில் இருக்கும் வெப்பம் 33 யூனிட், அதில் பாதி மின்சாரமாகத் திரும்பினால் 16. உள்ளே 52, வெளியே 16.

ஃபைலை சேவ் செய்ய கண்ட்ரோல் கீயோடு எஸ் எழுத்தைத் தட்டி, ஹைட்ரஜன் என்று பெயர் கொடுங்கள். எண்களை மாற்றி விளையாடுவதற்கு முன், கீழே ஷீட் 1 என்று இருக்கும் பட்டையில் ரைட் கிளிக் செய்து ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய மின்சார ஆணையம் புதிய கணக்கை வெளியிடும்போது பி4-ஐ மட்டும் மாற்றினால் போதும், மற்றதை எக்ஸெல் பார்த்துக்கொள்ளும்.